இடுக்கு இல்லாத சீட்டுக்கட்டு

சீட்டு வித்தை தெரிந்த பல் டாக்டரிடம் மட்டும் யாரும் பரீட்சைக்குப் போய் உட்காரக் கூடாது. நாள் முழுக்கப் பிறத்தியார் வாய்க்குள் விளக்கடித்து, பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே இருக்கும் இடுக்கைத் தேடுவதே பிழைப்பாக இருக்கும் மனிதருக்குச் சாயங்காலமானால் மட்டும் கண் மந்தமாகிவிடுமா என்ன? பைண்டர் அக்காவை அவர் இரண்டு முறை கையும் களவுமாகப் பிடித்தார். இரண்டு முறையும் அவர் கண்ணில் பட்டது அந்தப் பாழாய்ப்போன இடுக்குதான்.

அது என்ன இடுக்கு என்று சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் கதை நகராது. நீங்கள் ஒரு சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டுக் கட்டின் நடுவில் திரும்ப வைக்கிறீர்கள். வித்தைக்காரர் மேல்பாதியை அதன்மேல் மூடுகிறார். சீட்டு தொலைந்துவிட்டது என்று நம்புகிறீர்கள். ஆனால் அவருடைய இடது கைச் சுண்டுவிரலின் நுனி, உங்கள் சீட்டுக்கு மேலே ஒரு நூலளவு நுழைந்து காவல் காத்துக்கொண்டிருக்கிறது. அந்த நூலளவுதான் இடுக்கு. வித்தைக்காரர்கள் அதை பிரேக் என்பார்கள். உலகத்தில் பாதிச் சீட்டு வித்தை அந்த ஒரு விரலை நம்பித்தான் நடக்கிறது.

பைண்டர் அக்காவின் சுண்டுவிரலோ குட்டை. படைத்தவனுக்குக் கடைசி விரலுக்கு வரும்போது சரக்கு தீர்ந்துபோயிருக்க வேண்டும். மற்றவர்களுக்கு நூலளவு போதும் என்றால், இவள் விரலை அழுத்தி நுழைத்தால்தான் பிடி கிடைக்கும். நுழைத்தால் கட்டு வாயைத் திறந்துவிடும். முதல் பரீட்சையில் பல் டாக்டர் பாதியிலேயே கையை நீட்டி, "சுண்டுவிரல்" என்றார். அவ்வளவுதான், முடிந்தது. இரண்டாவது பரீட்சைக்கு அவள் சுண்டுவிரலை விட்டுவிட்டு, கட்டின் பின்பக்கம் பெருவிரலால் இடுக்குப் பிடிக்கப் பழகிப் போனாள். "பெருவிரல்" என்றார் அவர், அதே குரலில்.

சீட்டு வித்தைக்காரர் சங்கத்தில் சேர வாழ்நாளில் மூன்று முறைதான் முயலலாம். உறுப்பினரானால்தான் மாதா மாதம் சங்க மண்டபத்தில் நடக்கும் காட்சியில் செய்து காட்ட விடுவார்கள். அவளுக்கு மீதி இருந்தது ஒரு முறை.

அவளுக்கு எதற்கு இந்த வேண்டாத வேலை என்று கேட்காதவர்கள் இல்லை. நாற்பத்தைந்து வயது. அச்சகத்தின் பின்பக்கத்துக் கூடத்தில் இருபத்திரண்டு வருடமாகப் புத்தகம் தைக்கிறாள், பசை போடுகிறாள், அட்டை கட்டுகிறாள். ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு கல்யாண வீட்டில் யாரோ ஒருவர் செய்த சீட்டு வித்தையைப் பார்த்துவிட்டு வந்தவள், மறுநாளே ஒரு கட்டு வாங்கினாள். அதற்குப் பிறகு அவளுடைய கை சும்மா இருந்து யாரும் பார்த்ததில்லை.

வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். நல்ல மனிதர். ஆனால் ஏழு வருடம் சீட்டு எடுத்தால் யாருக்கும் அலுக்கும்.

"ஏங்க, ஒரு சீட்டு எடுங்க."

"செருப்பைக் கழட்டிட்டு எடுக்கட்டுமா, இல்ல வாசல்லயே எடுக்கட்டுமா?"

இரண்டாவது முறையும் தோற்று வந்த அன்று அவர் கிண்டல் செய்யவில்லை. எதிரே உட்கார்ந்து, தன் பங்குக்கு ஒரு யோசனை சொன்னார்.

"இந்தா பாரு, மூணாவதும் போச்சுன்னா உனக்குத்தான் மனசு கஷ்டம். பேசாம வீட்டுல எனக்கே செஞ்சு காட்டு. நான் வாயைப் பிளக்கறேன்."

"நீங்க கட்டிக்கிட்ட பாவத்துக்குப் பிளப்பீங்க. எனக்குத் தெரியாதவங்க பிளக்கணும்."

"அப்படி என்ன பிடிவாதம்?"

"இத்தனை வருஷத்துல எத்தனை ஆயிரம் புத்தகம் தைச்சிருப்பேன்! ஒருத்தராவது தையலைப் பார்த்திருப்பாங்களா? அது அட்டைக்குள்ள போயிடுது. எழுதினவர் பேரு வெளியில, அச்சடிச்சவர் பேரு உள்ள. என் கையை ஒரு தடவையாவது யாராவது உத்துப் பார்க்கணும். பார்த்து அசந்து போகணும். அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் வேண்டாம்."

அவர் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். "சரி, எடு கட்டை" என்றார்.

அன்று அவள் முடிவு செய்தாள்: இனி இடுக்கே பிடிப்பதில்லை. எந்த விரலாலும் இல்லை. பிடித்தால்தானே பிடிபடுவது.

முதலில், ஒரு சீட்டை மட்டும் பின்பக்கம் சற்றே நீட்டி அடையாளம் வைத்துப் பார்த்தாள். வீட்டுக்காரரைப் பின்னால் நிற்க வைத்தாள். பரீட்சையிலும் மூன்று பக்கமும் ஆள் உட்காருவார்கள். "வால் நீட்டிக்கிட்டிருக்கு" என்றார் அவர். அடுத்து, மேல்பாதியைக் கீழ்ப்பாதியிலிருந்து அரிசி அளவு விலக்கிப் படிபோல வைக்கும் முறை. இதில் வந்தது வேறு வம்பு. தாள்களைக் கையில் எடுத்தால் நாலு பக்கமும் தட்டி ஓரத்தை நேராக்குவது பைண்டருக்கு ஊறிப்போன பழக்கம். அவள் படியை வைப்பாள். அவள் கையே டக்டக்கென்று தட்டி அதைச் சமமாக்கிவிடும். மூன்று வாரம் தன் கையோடு தானே மல்லுக்கு நின்றாள். கைதான் ஜெயித்தது. ஒரு சீட்டின் ஓரத்தைக் கட்டிங் மிஷினில் இம்மியளவு வெட்டிக் குட்டையாக்கிப் பார்த்தாள். விரலை ஓரத்தில் ஓட்டினால் அந்த இடத்தில் 'டப்' என்று ஒரு சத்தம். "இது எனக்கே கேக்குது" என்றார், நாள் முழுக்க மோட்டார் பக்கத்தில் நிற்கும் வீட்டுக்காரர்.

கடைசியில் கைகொடுத்தது வளைவு. எந்தத் தாளுக்கும் ஓர் ஓட்டம் உண்டு. அந்த வாக்கில் வளைத்தால் சொன்னபடி கேட்கும், எதிர்வாக்கில் போனால் முரண்டு பிடிக்கும். டைமன் மூன்றை எடுத்து, தாள் மடிப்பைத் தேய்க்கும் எலும்புத் துண்டால் மெல்ல மெல்ல நீவி, கண்ணுக்கே தெரியாத ஒரு வளைவைக் கொண்டுவந்தாள். மேஜைமேல் வைத்தால் சாதாரணச் சீட்டு. கட்டுக்குள் சொருகிவிட்டால் எங்கே இருந்தாலும் விரலுக்குத் தெரியும். கட்டை வெட்டினால் அந்த இடத்தில் தானாகவே பிரியும். எடுத்த சீட்டை அதற்கு நேர் கீழே வைக்கச் செய்தால் போதும். பிறகு விரல் எதையும் பிடிக்க வேண்டியதில்லை. கட்டை மேஜைமேல் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டுகூட நிற்கலாம்.

வீட்டுக்காரர் நாற்பது முறை சீட்டு எடுத்தார். நாற்பது முறையும் வந்தது. நாற்பத்தோராவது முறை அவர் நிஜமாகவே வாயைப் பிளந்தார். கொட்டாவியும் அதில் கொஞ்சம் கலந்திருந்தது.

பரீட்சை அன்று அவள் வேலைக்குப் போனாள். சாயங்காலம் அங்கிருந்தே சங்கத்துக்குப் போவதாகத் திட்டம். கட்டைத் தன் மேஜை இழுப்பறையில் வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு சாப்பிடப் போனாள். அவள் செய்த தப்பு அந்த ஒன்றுதான்.

பக்கத்து மேஜைக்காரருக்கு ஸ்கேல் என்று பெயர். வைத்தது யாரோ, ஆனால் பொருத்தமாக வைத்திருந்தார்கள். கோணலாக ஒரு தாளைப் பார்த்தால் அவருக்குச் சோறு இறங்காது. அவளுக்குப் பரீட்சை என்று அவருக்குத் தெரியும். வித்தை எப்படி நடக்கிறது என்று தெரியாது. அந்த ரகசியத்தை அவள் வீட்டுக்காரரைத் தவிர யாரிடமும் மூச்சு விட்டதில்லை. பசைக் கிண்ணம் தேடி அவள் இழுப்பறையைத் திறந்த ஸ்கேல், கட்டைப் பார்த்தார். எடுத்துத் தட்டிப் பார்த்தார். உள்ளே ஒரு சீட்டு சரியில்லை என்று அவர் விரலுக்கு உடனே தெரிந்துவிட்டது. பல் டாக்டருக்கே தெரியாது என்று அவள் நம்பிய வளைவு அது! இருபது வருடம் தாளைத் தடவிய இன்னொரு கையிடம் அது செல்லுபடியாகவில்லை. பாவம், அக்கா இந்தக் கோணல் கட்டோடு பரீட்சைக்குப் போய் நிற்கப் போகிறார்களே என்று பதறி, மொத்தக் கட்டையும் இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து, புத்தகங்களை இறுக்கும் இரும்பு அமுக்கியில் கொடுத்துத் திருகிவிட்டார். சாயங்காலம் அவள் கிளம்புவதற்குள் எடுத்துச் சீட்டுப் பெட்டியில் போட்டு, கூடவே ஒரு துண்டுக் காகிதமும் வைத்து, இழுப்பறையை மூடினார். சொல்லாமல் செய்தால்தான் உதவி என்று நினைக்கும் ரகம் அவர்.

சங்கம், மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே மாடியில் இருந்தது. பச்சை விரிப்புப் போட்ட மேஜை. மேலே ஒரு குழல்விளக்கு. எதிரே பல் டாக்டர். வலது பக்கம் ஒரு கணக்கு டீச்சர். பின்னால், சற்றுத் தள்ளி, குடைக்கடைக்காரர். மூவர் முன்னாலும் அவள் எழுதிக் கொடுத்த விண்ணப்பம் இருந்தது. டாக்டர் அதை உரக்கப் படித்தார்.

"எடுத்த சீட்டைக் கட்டின் நடுவில் வைத்து மூடி, கட்டை மேஜைமேல் விட்டுவிட்டு, ஒரே வெட்டில் அந்தச் சீட்டை எடுப்பேன். சீட்டுகளின் முகத்தைப் பார்க்க மாட்டேன்." கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "சரிம்மா. பெட்டியைத் திறந்தா ஆரம்பிச்ச மாதிரி. தெரியுமில்ல?"

"தெரியுங்க."

திறந்தாள். கட்டோடு சேர்ந்து துண்டுக் காகிதம் வந்து விழுந்தது. ஸ்கேல் பிடித்து எழுதியதுபோல நேர் நேரான எழுத்து. 'வாழ்த்துகள் அக்கா. கட்டில் ஒரு சீட்டு வளைந்திருந்தது. அமுக்கியில் வைத்து நிமிர்த்திவிட்டேன். இப்போது கட்டு ஒழுங்காக இருக்கிறது.'

 கட்டின் ஓரத்தில் பெருவிரலை ஓட்டினாள். வழவழவென்று போயிற்று. எங்கேயும் தடுக்கவில்லை. டைமன் மூன்று ஐம்பத்திரண்டில் ஒன்றாகி எங்கோ ஒளிந்துகொண்டிருந்தது.

"என்னம்மா அது?"

"வாழ்த்துக் கடுதாசிங்க. வேலை செய்யற இடத்துல எழுதிக் கொடுத்திருக்காங்க."

"நல்ல மனுஷங்க" என்றார் டாக்டர்.

ஸ்கேலை அந்த நிமிடம் அதே அமுக்கியில் வைத்துத் திருகலாம் போல இருந்தது அவளுக்கு. மறுபடி வளைக்கலாம் என்றால் மூன்று பேர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். வால் நீட்ட வழியில்லை, பின்னால் குடைக்கடைக்காரர். மேல்பாதியின் அடிச்சீட்டைப் பார்த்து வைத்துக்கொண்டு பிறகு தேடலாம் என்றால், முகத்தைப் பார்க்க மாட்டேன் என்று தானே எழுதிக் கொடுத்திருக்கிறாள். சுண்டுவிரல்? டாக்டரின் பார்வை ஏற்கெனவே அங்கேதான் இருந்தது.

எழுந்து போய்விடலாம். போனால் மூன்றும் முடிந்தது. இருந்து தோற்றாலும் மூன்றும் முடிந்தது. அப்படியானால் இருந்து தோற்கிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கட்டைக் கலைத்து விரித்தாள்.

"ஒண்ணு எடுங்க."

டாக்டர் எடுத்தார். மற்ற இருவருக்கும் காட்டினார். அவள் கட்டைச் சேர்த்து இடது கையில் வைத்துக்கொண்டு, பாதியளவை வலது கையால் மேலே தூக்கினாள். டாக்டர் தன் சீட்டைக் கீழ்ப்பாதியின்மேல் வைத்தார். மேல்பாதி அவள் வலது கையில் இருந்தது. அப்போதுதான் அவளுக்கு ஒன்று தெரிந்தது. கையில் இருப்பது இருபத்தெட்டு.

எண்ணவில்லை. எண்ணத் தேவையும் இல்லை. தினமும் காலையிலிருந்து மாலைவரை தாள் எடுத்துக் கொடுக்கும் கை அது. ஐம்பது என்றால் ஐம்பது வரும்; என்றைக்காவது ஒருநாள் நாற்பத்தொன்பது வரும், அதுவும் காய்ச்சல் நாளாக இருக்கும். சீட்டோ தாளைவிடத் தடிமன். இத்தனை நாள் இது அவளுக்குத் தோன்றவே இல்லை. எப்படித் தோன்றும்? சீட்டைக் கையில் எடுக்கும்போதெல்லாம் தான் பைண்டர் இல்லை என்று நினைத்துக்கொள்ளத்தானே அவள் எடுத்தாள். பசை நாற்றம் போகச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் கட்டைத் தொடுவாள். பைண்டர் கையை வாசலில் விட்டுவிட்டு வேறு கையோடு உள்ளே வர ஏழு வருடமாக முயன்றிருக்கிறாள். அதை நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

மூடினாள். நாலு பக்கமும் தட்டினாள். மூன்று வாரம் சண்டை போட்ட அந்தத் தட்டலைக் கை ஆசை தீரச் செய்துகொண்டது. கட்டை மேஜை நடுவில் வைத்துவிட்டுக் கைகளை எடுத்துக்கொண்டாள். டாக்டர் குனிந்து கட்டின் ஓரங்களைப் பார்த்தார். பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

வலது கையை நீட்டி, கொஞ்ச நேரத்துக்கு முன் கையில் இருந்த அதே கனத்தை எடுத்தாள். கீழே இருந்ததைத் திருப்பச் சொன்னாள்.

கணக்கு டீச்சர் திருப்பினார். ஹார்ட்டின் ராணி. டாக்டர் எடுத்த அதே சீட்டு.

"அட!" என்றார் குடைக்கடைக்காரர் பின்னாலிருந்து.

டாக்டர் சீட்டுகளை வாங்கி ஒவ்வொன்றாக விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். டீச்சரிடம் கொடுத்தார். டீச்சர் மேஜைமேல் ஒவ்வொன்றாக வைத்துத் தட்டிப் பார்த்தார்.

"எந்தக் கோணலும் இல்ல டாக்டர். இவ்வளவு நேரான கட்டை நான் பார்த்ததே இல்ல."

"விரலும் எங்கயும் இல்ல" என்றார் டாக்டர். "அப்ப எப்படிம்மா? எங்ககிட்ட சொல்லித்தான் ஆகணும், அதுதான் விதி."

"கையில எடுத்த அளவு கைக்குத் தெரியும். அதே அளவு திரும்ப எடுத்தேன்."

டாக்டர் சிரித்துவிட்டார். ஏளனச் சிரிப்பு இல்லை, நம்பாத சிரிப்பு. "அதுக்குப் பேரு அதிர்ஷ்டம். சங்கத்துல அதிர்ஷ்டத்தைச் சேர்த்துக்க முடியாது. ஏதோ ஒரு முறை இருக்கணும். மறைக்கறீங்கன்னா சொல்லிடுங்க, பாஸ் போட்டுடறேன். அடையாளச் சீட்டா? நல்லாத்தான் மறைச்சிருக்கீங்க."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வீட்டில் நாற்பது முறை செய்ததுதானே, முழுப்பொய்யும் இல்லை. அவர் பேனாவைத் திறந்தேவிட்டார். அவளுக்குத் தொண்டை வரை வந்தது அந்த 'ஆமாம்'. விழுங்கினாள்.

"இல்லீங்க. அடையாளம் எதுவும் இல்ல. மறுபடி எடுங்க."

"இது தப்பினா அப்புறம் என்னால ஒண்ணும் செய்ய முடியாதும்மா."

"தெரியுங்க. எடுங்க. உங்களுக்குப் போதும்னு தோணுற வரைக்கும் எடுங்க."

இந்த முறை கட்டைக் கலைத்தது டாக்டர். சீட்டு எடுத்தது டீச்சர். அவள் தூக்கினாள், மூடினாள், தட்டினாள், கையை எடுத்தாள். வெட்டினாள். க்ளாவர் ஆறு. டீச்சர் எடுத்த சீட்டேதான்.

"ரெண்டு தடவை தொடர்ந்து வரணும்னா ரெண்டாயிரத்து எழுநூத்தி நாலுல ஒண்ணு" என்றார் டீச்சர். அந்தக் கணக்கை அவர் யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை.

குடைக்கடைக்காரர் நாற்காலியை இழுத்துக்கொண்டு முன்னாலேயே வந்துவிட்டார். "நான் எடுக்கறேன், நான் எடுக்கறேன்." எடுத்தார். மேல்பாதியை அவள் தூக்கியபோது வேண்டுமென்றே இருமினார். சீட்டை வைத்தபிறகு, "கட்டு அஞ்சு நிமிஷம் அப்படியே இருக்கட்டும். பேசுவோம்" என்றார். மழை, வியாபாரம், மகளின் படிப்பு எல்லாம் பேசினார். அவள் பதில் சொன்னாள். வலது கையை மட்டும் மடியில் திறந்தபடி வைத்திருந்தாள், ஏதோ தளும்பப் போவதுபோல.

"சரி, இப்ப வெட்டுங்க."

வெட்டினாள். குடைக்கடைக்காரர் சீட்டைத் திருப்பக் கையை நீட்டினார்.

"இருங்க" என்றாள். கையில் இருந்த கட்டை ஒரு முறை லேசாக ஏந்திப் பார்த்தாள். முகம் சுருங்கியது. "தப்பா எடுத்துட்டேன். ஒண்ணு கம்மி. மேல இருக்கறது உங்க சீட்டு இல்ல. அதுக்குக் கீழ இருக்கறதுதான்."

 டாக்டரே கையை நீட்டி முதல் சீட்டைத் திருப்பினார். இஸ்பேட் ஒன்பது. குடைக்கடைக்காரர் இல்லை என்று தலையை ஆட்டினார். அடுத்ததைத் திருப்பினார். டைமன் நாலு.

குடைக்கடைக்காரர் வாயைப் பிளந்தார். டீச்சர் கணக்குப் போடவில்லை. டாக்டர் சீட்டைப் பார்க்கவில்லை. அவர் இரண்டு முழங்கைகளையும் மேஜையில் ஊன்றி, முகத்தை அவள் வலது கைக்கு அருகே கொண்டுவந்து, பசையில் வெடித்த விரல் நுனிகளையும் ஊசி குத்திக் காய்த்துப்போன பெருவிரலையும் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். சோப்புப் போட்டும் பசை போகவில்லையே என்று அவளுக்கு ஒரு கணம் கூச்சமாக இருந்தது. ஆனாலும் கையை இழுத்துக்கொள்ளவில்லை. பார்க்கட்டும் என்று அப்படியே வைத்திருந்தாள்.

வெகுநேரம் கழித்து அவர் நிமிர்ந்து விண்ணப்பத்தைத் திருப்பினார். பின்பக்கத்தில் தேர்வாளர் நிரப்ப வேண்டிய கட்டங்கள். பெயர், தேதி, வித்தை எல்லாம் எழுதினார். கடைசிக் கட்டத்தில் பேனா நின்றது.

"செய்யும் முறைன்னு கேக்குதும்மா. என்ன போடட்டும்? இதுக்கு எங்க புத்தகத்துல பேரே இல்ல."

"பைண்டிங்னு போடுங்க" என்றாள்.

அவர் ஏன் என்று கேட்கவில்லை. அப்படியே எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, மற்ற இருவரிடமும் நீட்டினார்.